கொதிக்க வைத்தாலும் போகாது!
கிணற்றுத் தண்ணீரும் செம்மண்ணும் கைக்குழந்தையும்



சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, சாமான் வாங்கச் சிங்கப்பூர் தேக்காவுக்குப் போயிருந்தேன். ஜோகூர் பாலத்தைத் தாண்டி, புக்கிட் தீமா ரோடு வழியாகப் போகும் மாடி பஸ். மேல்மாடியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் ஓரிடத்தில் கட்டட வேலைக்காக மேட்டை வெட்டியிருந்தார்கள். தகரத் தடுப்பு மறைத்தாலும், மேல்மாடியிலிருந்து பார்த்தால் வெட்டிய மண் நன்றாகத் தெரிந்தது. மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுத்த மண். அதற்குக் கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரே செம்மஞ்சள் மண்.

நம் தோட்டத்து மண்ணும் இதேதான். புக்கிட் தீமா குன்றில் கருங்கல் உளுத்து உண்டான மண்ணுக்கு மண் ஆய்வாளர்கள் 'ரெங்கம்' வகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரெங்கம் என்பது நம் ஜோகூரில் உள்ள ஊர்தான்! நடுவில் கடல் இருந்தாலும் மண் ஒன்றே.

அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே போகும்போது எனக்கு ஒரு கைக்குழந்தையின் நினைவு வந்தது. இந்த மாதச் சுகாதாரப் பகுதியில் அதைத்தான் எழுதப் போகிறேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்ன நடந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், கடைசி டிவிஷனில் பைப்பு உடைந்து மூன்று வாரம் தண்ணீர் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் பழைய கிணறு ஒன்று இருந்தது. எல்லாரும் அதில் இறைத்தார்கள். ஒரு தாய்க்கு இரண்டு மாதக் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை என்று புட்டியில் மாவுப்பால் கொடுத்து வந்தார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று என்னிடம் தூக்கி வந்தார்.

"கிணத்துத் தண்ணியா? நல்லா கொதிக்க வெச்சுக் குடும்மா" என்றேன். கிருமிக்கு அதுதான் மருந்து. அதில் தவறில்லை. ஆனால் வேறொன்றும் நான் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்து, முகம் சாம்பல் நிறமாக இருந்தது. குளிர் என்று நினைத்துக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தார். எனக்கு நெஞ்சில் கோளாறோ என்று பயம். வேன் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே டாக்டர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் சிவப்பாக இல்லை. காப்பி நிறம். "என்ன தண்ணீரில் பால் கலக்கினீர்கள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பிறகுதான் அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "டிரஸ்ஸரய்யா, நீங்க நல்லா கொதிக்க வைன்னு சொன்னீங்க. நான் ஒரு குண்டான் தண்ணிய அரைக் குண்டானா வத்துற வரைக்கும் கொதிக்க வெச்சேன்."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நைட்ரேட் என்றால் என்ன?

உரத்தில் இருக்கும் தழைச்சத்து, மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட் என்ற உப்பாக மாறுகிறது. யூரியா ஆனாலும், அமோனியா உரம் ஆனாலும், மாட்டுச் சாணம் ஆனாலும், கக்கூஸ் குழியில் இருப்பது ஆனாலும், கடைசியில் பெரும்பகுதி இப்படித்தான் மாறும். செடிக்கு இது நல்ல உணவு. ஆனால் இது தண்ணீரில் முழுக்கக் கரையும். நிறம் இல்லை, மணம் இல்லை, வடிகட்டினால் நிற்காது.

சூடாக்கினால் கிருமி சாகும். நைட்ரேட் கிருமி இல்லை, உப்பு. உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் என்ன ஆகும்? தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு சட்டியிலேயே தங்கும். ஒரு குண்டான் அரைக் குண்டானாக வற்றினால் அதிலுள்ள நைட்ரேட் இரட்டிப்பாகும். அந்தத் தாய் அன்போடு செய்த காரியம், குழந்தைக்கு இரண்டு மடங்கு கொடுத்துவிட்டது.

பெரியவர்கள் நாம் ஓரளவு தாங்குவோம். கைக்குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் குடலில் நுண்ணுயிர்கள் பெருகி, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் ரத்தத்தில் ஏறி, காற்றைச் சுமக்கும் சிவப்புச் சத்தைக் கெடுத்துவிடுகிறது. கெட்ட சத்தைப் பழையபடி சரிசெய்யும் சக்தி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இன்னும் வளரவில்லை. ஆகவே மூச்சு விட்டாலும் உடம்புக்குக் காற்று போய்ச் சேராது. வயிற்றுப்போக்கும் இருந்தால் ஆபத்து அதிகம்.

இதை முதலில் கண்டு எழுதியவர் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் கோம்லி. ஆண்டு 1945. அவர் பார்த்த குழந்தைகளும் பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிய பாலைக் குடித்தவைதான். 'நீலக் குழந்தை நோய்' என்று பெயர் வந்தது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருப்பதும் முக்கியமாக இந்தக் குழந்தைகளுக்காகவே.

உரமே போடாத இடத்தில் எப்படி வந்தது?

தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரு சந்தேகம். கிணற்றுக்கு மேலே இருந்த செம்பனைக் காட்டை மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு பிடி உரம் விழவில்லை. "போடாத உரம் எப்படிக் கிணத்துக்கு வரும்?" என்று எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். விவசாய இலாகாவில் இருந்த ஒருவர் எனக்கு விளக்கினார். அதற்குப் பிறகு நானும் படித்துப் பார்த்தேன். விஷயம் இதுதான்.

தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைக் காகிதத் துணுக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனால் ஒட்டிக்கொள்கிறது அல்லவா? மண்துகளிலும் அது போன்ற மின்சக்தி உண்டு. அதில் இரண்டு வகை: நேர், எதிர். வேறு வேறு என்றால் ஒன்றையொன்று இழுக்கும். ஒரே வகை என்றால் தள்ளிவிடும். நைட்ரேட் எதிர் வகை.

மேலே உள்ள கறுத்த மண்ணில் மக்கிய இலைதழை நிறைய. அதுவும் எதிர் வகை. ஆகவே மேல்மண் நைட்ரேட்டைத் தள்ளிவிடுகிறது. வேர் உறிஞ்சியது போக மிச்சம் எல்லாம் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கும். சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இறங்காமல் என்ன செய்யும்?

கீழே செம்மஞ்சள் மண். அந்தச் சிவப்பும் மஞ்சளும் இரும்புத் துருவின் நிறம். அலுமினியமும் அதில் உண்டு. நம்முடையது புளித்த மண். 'பி.எச்.' என்ற அளவில் 4க்கும் 5க்கும் நடுவில் இருக்கும். மண் புளிக்கப் புளிக்க, அந்த இரும்புத் துருவின் மேல் நேர் வகைச் சக்தி ஏறுகிறது. மேல்மண்ணில் மக்கு அதை மூடி மறைத்துவிடுகிறது. ஆழத்தில் மக்கு குறைவு, துருவின் முகம் திறந்திருக்கும். அதனால் மேலே யாரும் பிடிக்காத நைட்ரேட்டை அடிமண் பிடித்துக்கொள்கிறது.

"அப்போ நல்லதுதானே? அடிமண் வடிகட்டிடுதே" என்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். அடிமண் பிடிப்பது இறுக்கமான பிடி இல்லை. செட்டியார் கடை அடகு மாதிரி, பொருள் அங்கேயே இருக்கும், ஆனால் நமக்குச் சொந்தமாகிவிடாது. மழை பெய்யப் பெய்ய, நைட்ரேட் தண்ணீரைவிட மெதுவாக, ஒரு படி ஒரு படியாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். மேலே சுண்ணாம்பு போட்டு, அது கீழே இறங்கிப் புளிப்பைக் குறைத்தால் பிடி தளரும். சல்பேட், பாஸ்பேட் போன்ற வேறு உப்புகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் நைட்ரேட் வெளியே தள்ளப்படும். பல ஆண்டு உரம் இப்படி ஆழத்தில் குவிந்து கிடக்கும்.

மரம் நிற்கும் வரை வேர் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். மரத்தை வெட்டிச் சாய்த்தால் உறிஞ்ச வேர் இல்லை. போதாதற்கு வெட்டிய மரமும் தழையும் மக்கி, புது நைட்ரேட்டை இறக்கும். அதனால்தான் உரம் போடாத வருஷத்தில் கிணறு கெட்டது. பக்கத்திலேயே பழைய கக்கூஸ் குழியும் இருந்தது, அதன் பங்கும் சேர்ந்திருக்கும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் மழைப் பிரதேசத்துக் கரும்புக் காடுகளில் பத்து மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தார்கள். வேருக்கு எட்டாத ஆழத்தில் நைட்ரேட் தங்கியிருந்தது. ஆப்பிரிக்காவில் மேற்குக் கென்யாவின் செம்மண் சோளக் காடுகளில், மேல்மண் சத்தில்லாமல் கிடக்க, அரை மீட்டருக்குக் கீழே நைட்ரேட் சேர்ந்திருந்தது. அங்கே நம் ஊர்ச் சித்தகத்தி இனத்து மரத்தை நட்டார்கள். அதன் ஆழ்ந்த வேர் அதை மேலே இழுத்துக் கொடுத்தது.

சிங்கப்பூர் மண் சொல்லும் கதை

மறுபடி பஸ்ஸுக்கு வருவோம். அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் இன்று அடுக்குமாடி வீடுகள். ஆனால் அந்த மண் பார்க்காத பயிர் இல்லை.

1800களின் முற்பாதியில் சிங்கப்பூர்க் காடுகளை அழித்துச் சீனர்கள் கம்பீரும் மிளகும் போட்டார்கள். பதினைந்து இருபது வருஷத்தில் மண் சோர்ந்துவிடும். தோட்டத்தை லாலான் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். அப்படியே ஜோகூருக்கும் வந்தார்கள். மேல்மண்ணால் சத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு 1877இல் ரப்பர் விதைக் கன்றுகள் வந்தன. தாவரத் தோட்டத்து ரிட்லி துரை பட்டையைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையைக் காட்டினார். நீ சூன், செம்பவாங் பக்கம் ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் வெயிலிலும் மழையிலும் உழைத்தார்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

நகரத்துப் பக்கம் வேறு கதை. இன்று நாம் புடவையும் மசாலாவும் வாங்கும் தேக்கா அன்று மாட்டுத் தொழில் நடந்த இடம். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாயில் எருமைத் தொழுவம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் லவெண்டர் ஸ்திரீட். லவெண்டர் என்பது வாசனைப் பூ. பெயர் கேலிக்கு வைத்தது! அங்கே காய்கறித் தோட்டங்களுக்கு மனித மலத்தை எருவாகப் போட்டார்கள். அந்த நாற்றத்தைக் கிண்டல் செய்து 1858இல் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

தொழுவமும் எருவும் கிணறும் ஒரே இடத்தில் இருந்தால் தண்ணீர் எப்படி இருக்கும்? வாந்திபேதி, குடற்காய்ச்சல் கிருமிகளைத்தான் அன்று எல்லாரும் அஞ்சினார்கள். நைட்ரேட் என்ற பேச்சே அன்று இல்லை. ஆனால் இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: அழுக்கு இருக்கும் இடத்திலேயே தண்ணீரும் எடுப்பது.

சிங்கப்பூர் என்ன செய்தது? நல்ல தண்ணீருக்காக 1857இல் வணிகர் டான் கிம் செங் 13,000 டாலர் கொடுத்தார். இன்று மெக்ரிச்சி என்று அழைக்கப்படும் நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிந்தது. ஆனால் பைப்பு வழியாகத் தண்ணீர் நகருக்கு வர மேலும் சுமார் பத்து ஆண்டு ஆயிற்று. நீர்த்தேக்கங்களைச் சுற்றி, கம்பீர் போட்டு விட்ட நிலங்களும் உட்பட, மறுபடி காடாக வளர விட்டார்கள். மேலே உரம் விழவில்லை என்றால் கீழே இறங்க ஒன்றும் இல்லை.

1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுக்குள் சிங்கப்பூர் நதியும் காலாங் ஆற்றுப் படுகையும் சுத்தமாக வேண்டும் என்றார். தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயும் அதில் சேர்ந்ததே. அங்கிருந்த பன்றி, வாத்துப் பண்ணைகளை அகற்றினார்கள். வாளிக் கக்கூஸ்களும் 1987இல் முடிவுக்கு வந்தன. அந்த ஆண்டே ஆற்று வேலையும் முடிந்தது. தண்ணீர் கெட்ட பிறகு வடிகட்டுவதைவிட, கெடுப்பதை மேட்டிலேயே நிறுத்துவது மேல் என்பதுதான் அவர்கள் கற்ற பாடம்.

நம் இனத்தார் நிறைய வாழும் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே மேலே செம்மண் இருந்தாலும் அது மெல்லிய படலம். கீழே வெடிப்பு விட்ட சுண்ணாம்புக்கல். மண் புளித்ததும் இல்லை. பிடித்து வைக்க ஆழமான அடிமண் இல்லாததால், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும் கக்கூஸ் குழித் தண்ணீரும் சீக்கிரமே கிணற்றுக்குப் போய்விடுகின்றன. 1980களிலேயே பல கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. அங்கே விஷயம் சீக்கிரம் வெளியே வந்துவிட்டது. நம் மண்ணில் தாமதமாக வரும். தாமதம் என்பதால் வராது என்று நினைக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே சிறந்தது. தாய் குடிக்கும் தண்ணீரில் நைட்ரேட் இருந்தாலும் தாய்ப்பாலில் அது அதிகம் இறங்குவதில்லை. பால் போதவில்லை என்றால் வெட்கப்படாமல் கிளினிக்குக்கு வாருங்கள். வழி இருக்கிறது.

2. மாவுப்பால் கலக்கியே ஆக வேண்டும் என்றால் பைப்புத் தண்ணீரில் மட்டும் கலக்குங்கள். பைப்பு நின்றுவிட்டால் லாரித் தண்ணீர், கடைத் தண்ணீர், அல்லது சுத்தமான கூரையில் பிடித்த மழைத் தண்ணீர். முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும், பிறகு பிடியுங்கள்.

3. எந்தத் தண்ணீர் ஆனாலும் கொதிக்க வைக்க வேண்டும். ஆனால் தளதளவென்று கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். வற்ற விடாதீர்கள். இரவு மிச்சம் இருந்த தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடு காட்டாதீர்கள்.

4. குழந்தையின் உதடு, நகம், காது மடல் நீலம் அல்லது சாம்பல் நிறமானால் கம்பளி தேடாதீர்கள், வேன் தேடுங்கள். ஆஸ்பத்திரியில், "கிணத்துத் தண்ணீரில் பால் கலக்கினோம்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். இந்த நோய்க்கு நீல மருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் 'ஜி6பிடி' குறை உள்ள குழந்தைக்கு அது ஆகாது. பிறந்தபோது கொடுத்த அட்டையில் அது எழுதியிருக்கும். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

5. கிணறு தோண்டுவதானால் கக்கூஸ் குழி, மாட்டுக் கொட்டகை, உர ஸ்டோர் இவற்றுக்கு மேட்டுப் பக்கம், குறைந்தது 30 மீட்டர் தள்ளித் தோண்ட வேண்டும். ஏற்கெனவே கீழ்ப்பக்கம் இருக்கும் கிணற்றைக் குளிக்க, துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கேளுங்கள். மேலே மறுநடவு நடக்கிறது என்றால் கட்டாயம் கேளுங்கள். ஒரு தடவை நல்லது என்று வந்தால் போதாது, அடிமண் மெதுவாகத்தான் விடும். சோதனைத் தாளில் 'நைட்ரேட்' என்று எழுதியிருந்தால் 50 எல்லை. 'நைட்ரஜன்' கணக்கில் எழுதியிருந்தால் எல்லை சுமார் 11 மட்டுமே. இரண்டையும் குழப்பிக்கொண்டு 40 நைட்ரஜனைப் பார்த்து, "ஐம்பதுக்குக் கீழேதானே" என்று ஏமாற வேண்டாம்.

7. உரம் போடும் தோழர்கள், கனமழைக்கு முன் போடச் சொன்னால் எடுத்துச் சொல்லுங்கள். அந்த உரம் மரத்துக்குப் போகாது, அடிமண்ணுக்குப் போகும். முதலாளிக்கும் நஷ்டம், நமக்கும் கேடு. மறுநடவுக் காட்டில் கொடித்தழையைச் சீக்கிரம் பரப்பினால் அதன் வேர் நைட்ரேட்டைப் பிடித்து வைக்கும்.

மலேசியாவில் 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம், தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய பைப்புத் தண்ணீர் கொடுப்பதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. பைப்பு உடைந்தால் மூன்று நாளில் சரியாக வேண்டியது மூன்று வாரம் இழுத்தால், தலைவரிடம் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். அந்த மூன்று வாரம்தான் நான் சொன்ன குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது.

தோழர்களே, நான் அந்தத் தாயிடம் போய், "தப்பு என்மேல்தான் அம்மா. என்ன தண்ணீர், எங்கே எடுத்தது, யாருக்குக் கொடுப்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும்" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அன்றிலிருந்து எந்தத் தாய் கைக்குழந்தையோடு வந்தாலும் என் முதல் கேள்வி, "என்ன தண்ணி?" என்பதுதான். நீங்களும் உங்கள் லயத்தில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால் இன்றே ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

— உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட்